பால் கேனில் புதைத்த காகிதங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வார்சா நகரில், த்வொமாட்ஸ்கே தெருவில், இன்று நீலக் கண்ணாடி பதித்த ஒரு உயரமான அலுவலகக் கட்டடம் நிற்கிறது. அந்த இடத்தில்தான் 1878-ல் திறந்த யூதர்களின் பெரிய ஜெப ஆலயம் இருந்தது. இரண்டாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். கெர்ஷோன் சிரோட்டா பல ஆண்டுகள் அங்கே பாடியவர். அவர் குரல் இசைத்தட்டுகளில் இன்னும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன் அந்த ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் யூதர்.

1943 ஏப்ரல் 19-ல், யூதர்களைச் சுவர் எழுப்பி அடைத்து வைத்திருந்த கெட்டோ என்ற பகுதியில் மிஞ்சியிருந்தவர்கள் நாஜிகளை எதிர்த்து ஆயுதம் எடுத்தார்கள். நான்கு வாரம் தாக்குப்பிடித்தார்கள். எல்லாம் முடிந்தது என்று ஊருக்குக் காட்ட, மே 16 மாலை யூர்கன் ஷ்ட்ரூப் என்ற அதிகாரி இந்த ஆலயத்தை வெடிவைத்துத் தகர்த்தார். அப்போது அது கெட்டோவின் எல்லைக்குள்கூட இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

பக்கத்து நூலகக் கட்டடம் மட்டும் தப்பியது. இன்று அது யூத வரலாற்று நிறுவனம். உள்ளே நுழைந்ததும் கூடத்தின் தரையைப் பாருங்கள்: அன்றைய தீயின் கரும்புள்ளிகள் கல்லில் அப்படியே இருக்கின்றன.

இந்தக் கட்டடத்தில்தான் இமானுவேல் ரிங்கெல்ப்ளூம் என்ற வரலாற்றாசிரியர் தன் தோழர்களைச் சனிக்கிழமைகளில் ரகசியமாகக் கூட்டினார். கெட்டோ வாழ்க்கையின் எல்லாவற்றையும் சேர்த்தார்கள். நாட்குறிப்பு, கடிதம், சரி, அது யாரும் செய்வது. இவர்கள் ட்ராம் டிக்கெட், ரேஷன் கார்டு, மிட்டாய் சுற்றிய காகிதம் வரை எடுத்து வைத்தார்கள். பசியால் வாடும் ஊரில் ஒரு மிட்டாய்க் காகிதத்தைப் பத்திரப்படுத்த எவ்வளவு நம்பிக்கை வேண்டும்!

1942 ஆகஸ்டில், ட்ரெப்ளிங்கா என்ற நாஜிக் கொலை முகாமுக்கு ரயில்கள் நாள்தோறும் ஆட்களை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தபோது, பத்துத் தகரப் பெட்டிகளை ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையில் புதைத்தார்கள். புதைத்தவர்களில் ஒருவன் தாவித் கிராபர், 19 வயது. உலகத்திடம் கத்திச் சொல்ல முடியாததை மண்ணுக்குள் வைக்கிறோம் என்று எழுதி, அதையும் பெட்டியில் போட்டான். அப்புறம் இரண்டு பால் கேன்களிலும் அடைத்துப் புதைத்தார்கள். ரிங்கெல்ப்ளூமை 1944-ல் கொன்றுவிட்டார்கள்.

1946-ல் தோண்டியபோது தகரப் பெட்டிகளுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. தாள்களைப் பிரித்து உலர்த்த வேண்டியிருந்தது. 1950-ல் அகப்பட்ட பால் கேன்களில் காகிதம் நன்றாகவே இருந்தது. தனியாகப் புதைத்த மூன்றாவது பகுதி இன்னும் கிடைக்கவில்லை.