புதுவலசுக்கு எது பழையது?

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் இளையவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் ஊர் புதுவலசு. கொங்கு நாட்டில் வலசு என்று முடியும் ஊர்களை எண்ணி மாளாது. புதுவலசு என்ற பெயரே ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களுக்கு இருப்பதால், தபால் வழிதவறிப் போவது எங்களுக்குப் பழகிவிட்டது. நாற்பது வீடு, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு சேந்துகிணறு, அவ்வளவுதான் ஊர். வருவாய்த் துறைக் கணக்கைக் கேட்டால் இந்த ஊரே கிடையாது. பக்கத்துக் கிராமத்தின் உட்கடை. 'அ' பதிவேட்டில் சர்வே எண் இருக்கும், பட்டாதாரர் பெயர் இருக்கும், தீர்வை இருக்கும். புதுவலசு இருக்காது. 1980இல் ஊர் நிலக்கணக்கு எழுதும் கர்ணம் பதவிகளை அரசு ஒழித்த பிறகு, இன்னார் காடு எது, அந்தப் பள்ளத்துக்கு என்ன பெயர் என்று நின்ற நிலையில் சொல்லக்கூடிய ஆளும் ஊருக்கு ஊர் குறைந்துபோனார்.

ஊர்ப் பெயருக்குப் பொருள் சொல்வதில் நம்மவர்களுக்குச் சலிப்பே வராது. பாறை ஒன்று இருந்தால் பாண்டவர்கள் படுத்த இடம். பாளையம் என்று முடிந்தால் படை இறங்கிய இடம். மதுரையில் விசுவநாத நாயக்கர் காலத்தில் 72 பாளையங்கள் வகுத்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆனால் நம் பக்கத்தில் இருக்கும் பாளையங்கள் அத்தனையிலும் படை இறங்கியிருந்தால், அதற்குச் சோறு போட ஊர் மிஞ்சியிருக்காது. எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர், வலசை என்பது பறவை வருவது, வெள்ளோட்டுக் குளத்துக்கு வரும் பறவைகள் இங்கேயும் தங்கியதால் இந்தப் பெயர் என்று சொல்லிக்கொடுத்தார். பறவை தங்குவதற்குக் குளம் வேண்டுமே ஐயா! எங்கள் ஊரில் ஏது?

வலசை என்ற சொல்லைப் பறவைகளுக்கு மட்டும் விட்டுக்கொடுத்தது இந்தக் காலத்துப் பழக்கம். பயத்தாலோ பஞ்சத்தாலோ குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்புவதுதான் வலசை. இராமநாதபுரம் கடற்கரையில் புதுவலசை என்றே ஓர் ஊர் இருக்கிறது. நம் பக்கத்தில் அது வலசு என்று சுருங்கிவிட்டது. ஆக, பெயரின் பின்பாதியில் சிக்கல் இல்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்தது முன்பாதி. புதுவலசு என்றால், பழையவலசு எங்கே?

இதற்கு அகராதியில் விடை கிடைக்கவில்லை. குலதெய்வக் கோயிலில் கிடைத்தது. எங்கள் குலதெய்வம் ஊரிலிருந்து இருபது மைல் தள்ளி இருக்கிறது. சின்ன வயதில் மாட்டு வண்டியில் ராத்திரி புறப்பட்டு விடியலில் போய்ச் சேருவோம். அங்கே பொங்கல் வைத்து முடித்ததும் பூசாரி ஒவ்வொரு வகையறாவாகப் பெயர் சொல்லித் திருநீறு கொடுப்பார். எங்களை அவர் "மேட்டுவலசு வகையறா" என்று கூப்பிடுவார். அப்பாவும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னே போவார். நாம் புதுவலசு ஆயிற்றே என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஐம்பது வயதுக்கு மேல்தான் தோன்றியது.

அப்பத்தா சொன்ன ஒரு செய்தி அப்போது நினைவுக்கு வந்தது. "தாது வருஷத்தில் இங்கே வந்தோம். என் மாமனார் அப்போது தோளில் உட்கார்ந்து வந்த பிள்ளை" என்பார். தமிழ் வருஷத்தில் ஒரு தொல்லை உண்டு. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வந்துவிடும். 1816 தாது, 1876 தாது, 1936ம் தாது. 1936 என்றால் அப்பத்தாவே இடுப்பில் பிள்ளையோடு நின்றிருப்பார்; பிறர் சொல்லக் கேட்டதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1816க்கு அவருடைய மாமனார் எட்டவே மாட்டார். எஞ்சுவது 1876. பருவமழை பொய்த்து, சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேரைக் கொண்டுபோன தாது வருஷப் பஞ்சம். 1878 வரை நீண்ட பஞ்சம் அது.

மூன்றாவது சாட்சி வீட்டுப் பரணில் தகரப் பெட்டிக்குள் இருந்தது. ராஜா தலை அச்சிட்ட முத்திரைத்தாளில் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம். மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்தது. கரையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. 'மேற்படி' என்பதற்குப் பழைய ௸ குறி வரிக்கு வரி வந்தது. பழைய பத்திரம் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சொத்து விவரத்தை விட்டுவிட்டுச் செக்குபந்தியைப் படியுங்கள். நான்கு எல்லை சொல்லும் இடத்தில்தான் செத்துப்போன ஊர்களின் பெயர் உயிரோடு இருக்கும். எங்கள் பத்திரத்தில் ஒரு வரி: "மேட்டுவலசுப் பாழ்நத்தத்துக்கும் இட்டேரிக்கும் தெற்கு."

குடியிருப்பு நிலம் நத்தம். குடி போன பிறகு பாழ்நத்தம். இட்டேரி என்றால் வேலிகளுக்கு நடுவே போகும் தடம். மறுநாளே அந்த இட்டேரியில் போனேன். கிளுவை வேலி இரண்டு பக்கமும் அடர்ந்து கிடந்தது. ஊரிலிருந்து ஒரு மைல்கூட இல்லை. மேட்டில் ஓட்டாஞ்சில்லுகள், வேலிகாத்தான் புதர், பாதி புதைந்த கல் உரல் ஒன்று. உரலில் மழைத்தண்ணீர் தேங்கி, ஆடு ஒன்று குடித்துக்கொண்டிருந்தது. ஆடு மேய்த்த பெரியவர் சற்றுத் தள்ளி ஒரு பள்ளத்தைக் காட்டி, அங்கேதான் கிணறு இருந்தது, தண்ணீர் அற்றுப்போனதும் மண் தள்ளி மூடிவிட்டார்களாம் என்றார்.

திரும்பி வந்து எங்கள் ஊர்ச் சேந்துகிணற்றின் விளிம்புக் கல்லைத் தடவிப் பார்த்தேன். கயிறு அறுத்த தடம் விரல் பதியும் ஆழத்துக்கு இருந்தது. என் கட்சி இதுதான்: மேட்டுக் கிணறு தாது வருஷத்தில் வற்றியது, பள்ளத்தில் தோண்டிய கிணற்றில் தண்ணீர் கண்டது, சனம் அதைச் சுற்றிக் குடியேறியது. வந்த ஆட்கள் பழைய ஆட்கள்தான், கிணறுதான் புதிது.

எங்கள் பெரியப்பா இதை ஒப்புக்கொள்வதில்லை. பஞ்சமாவது ஒன்றாவது, அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் தண்ணீர் முறையில் சண்டை, தம்பி கோபித்துக்கொண்டு பானை சட்டியோடு கீழே இறங்கிவிட்டார் என்பது அவர் கட்சி. அதே பத்திரத்தில் 'கிணற்றில் சரிபாதி' என்று இரண்டு இடத்தில் அழுத்தி எழுதியிருப்பதை அவர் எனக்கு விரல் வைத்துக் காட்டியிருக்கிறார். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. பஞ்சம் வந்த வீட்டில் தண்ணீருக்குச் சண்டை வராதா என்று கேட்டுப் பார்த்தேன், மழுப்பாதே என்றார்.

முன்வரிசையில் வேட்டியை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்திருக்கிறாரே, அவர்தான் பெரியப்பா. நான் ஒலிபெருக்கியை அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.