வயிறு குளிர்ந்த பிறகு பேச்சு

நேயர்களுக்கு வணக்கம்.

மனக்கொதிப்பு வந்தால் நாம் "வயிறு எரிகிறது" என்போம். ஆறினால் "வயிறு குளிர்ந்தது" என்போம். பசிபிக் கடலில், பப்புவா நியூ கினியைச் சேர்ந்த பூகன்வில் தீவிலும் இதே கணக்குதான். அங்கே புழங்கும் டோக் பிசின் மொழியில் கோபத்துக்கு 'பெல் ஹாட்', அதாவது வயிற்றுச் சூடு. அது தணிவதற்கு 'பெல் கோல்', வயிற்றுக் குளிர்ச்சி. சண்டை போட்டவர்கள் பேச உட்காரும் முன்பு செய்யும் சடங்குக்கும் அதுதான் பெயர். நான் அந்தத் தீவுக்குப் போனதில்லை. இந்த ஒரு சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டு பல வருடங்களாக அதைப் பற்றிப் படிக்க வைத்தது.

சண்டையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாங்குனா என்ற மலைப்பகுதியில் 1972இல் மிகப்பெரிய செம்புச் சுரங்கம் ஓடத் தொடங்கியது. லாபம் வெளியே போனது, கழிவு ஆற்றில் இறங்கியது. 1988 கடைசியில் நிலத்துக்காரர்கள் மின்கோபுரங்களை வெடிவைத்துச் சாய்த்தார்கள். அடுத்த வருடம் சுரங்கம் மூடப்பட்டது. 1990இல் பப்புவா நியூ கினி அரசு தீவையே முற்றுகை போட்டது. மருந்து இல்லை, பெட்ரோல் இல்லை. தேங்காய் எண்ணெயை ஊற்றி வண்டி ஓட்டினார்கள். நமக்கு இன்றைய விலையில் அதைத் தலையில் தடவவே யோசனை!

அதைவிடக் கொடுமை, சண்டை உள்ளே திரும்பியது. தீவுக்காரரைத் தீவுக்காரரே கொன்றார்கள். செத்தவர்கள் 20,000 பேர் வரை என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. தீவின் மொத்த ஜனமே அப்போது இரண்டு லட்சத்துக்குக் கீழ்தான். ராணுவம் ஒருநாள் கப்பலேறிப் போய்விடும். பக்கத்து ஊர்க்காரன் எங்கே போவான்? அதே ஓடை, அதே ஒற்றையடிப் பாதை. தினமும் முகத்தில் முழிக்க வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்கதை ஒன்று. வாய்க்கால் தண்ணீர் முறையில் இரண்டு பங்காளி வீடுகளுக்குள் தகராறு வந்து, மண்வெட்டியால் ஒருவருக்கு மண்டை உடைந்தது. பஞ்சாயத்து கூடி, எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கினார்கள். சரி, முடிந்தது என்று எல்லோரும் எழுந்து போனார்கள். என் அப்பத்தா மட்டும் "கைதானே நாட்டியிருக்கு" என்றாள். அவள் அடித்தவன் வீட்டுப் பெண். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அடிபட்டவர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தாள். யாரும் தொடவில்லை. மறு வெள்ளி போய், வாடினதை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தாள். அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. ஊரே சிரித்தது, எங்கள் தாத்தாவும் சேர்த்து. எத்தனை வெள்ளி என்று எனக்கு நினைவில்லை, சின்னப் பையன். ஒருநாள் தட்டை எடுத்துக்கொண்டு வந்தவள் வாசலிலேயே நின்று எங்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். ஒரு கொட்டைப்பாக்கு குறைந்திருந்தது. அவ்வளவுதான். அணில் தூக்கியிருக்கும் என்றார் தாத்தா. ஆனால் அந்த வாரம்தான் அந்த வீட்டு அம்மா வாய்க்கால் கரையில் அப்பத்தாவிடம் முதல் வார்த்தை பேசினார்கள்.

பூகன்விலிலும் பாக்குதான், நேயர்களே! வெற்றிலைக்குப் பதில் அந்தக் கொடியின் காய், கூடச் சுண்ணாம்பு. எதிரெதிராக நின்றவர்கள் சேர்ந்து மெல்லுகிறார்கள், வில்லை ஒடிக்கிறார்கள், பன்றி கொடுக்கிறார்கள். இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: பெல் கோல் சமாதானம் ஆகாது. "இனி உன்னோடு பேசலாம்" என்பதற்கான அனுமதி, அவ்வளவுதான். அதன்பிறகுதான் கஷ்டமான பேச்சு வரும். யார் கொன்றது? எலும்பு எங்கே புதைந்திருக்கிறது? தோண்டி எடுத்து உரியவர்களிடம் கொடுக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 30இல் தீவின் அராவா ஊரில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்குப் பிறகும் பல வருடங்கள் ஊர் ஊராக இந்தச் சடங்குகள் நடந்துகொண்டேயிருந்தன. கையெழுத்து ஒரு நாள் வேலை, பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய நண்பர் விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடமா? ஒன்றா? சரி, ஒன்று.

பெண்களைப் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். அங்கே பெரும்பாலான பகுதிகளில் நிலம் தாய்வழியில் வருகிறது. அதனால் தாய்மார்கள் காட்டுக்குள் போய், துப்பாக்கியோடு இருந்த பிள்ளைகளைப் பேசி அழைத்துவந்தார்கள். 1997 கடைசியில் சண்டை நிறுத்தத்தைக் கண்காணிக்க வந்த வெளிநாட்டுக் குழு ஆயுதமே இல்லாமல் வந்தது. அதில் இருந்த நியூசிலாந்துக்காரர்கள் கிட்டார் வாசித்தார்கள். அப்புறம், துப்பாக்கிகளை வைத்துப் பூட்டிய இரும்புப் பெட்டிகள்: இரண்டு பூட்டு, ஒரு சாவி ஐ.நா. கையில், இன்னொன்று அந்தந்தப் போராளிக் குழுவின் தலைவன் கையில். 2019 பொதுவாக்கெடுப்பில் தனிநாடு வேண்டும் என்றவர்கள் 97.7 சதவீதம். அது பப்புவா நியூ கினி நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் தனிக்கதை, இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். இடையில் தேங்காய் எண்ணெய்க்கு நேரத்தைக் கொடுத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

வணக்கம்.