பழைய பிக்கப்பை இறக்கத்தில் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சேலம் கோரிமேட்டில், ஏற்காடு போகும் சாலை ஓரத்திலேயே எனக்கு ஒரு டீசல் பட்டறை. 22 வருடமாக அங்கேதான் இருக்கிறேன். மலைக்குப் போகிற வண்டிகளும் இறங்கி வருகிற வண்டிகளும் என் வாசலைத் தாண்டித்தான் போகும். ஏறப்போகிற வண்டி என்னிடம் வந்து நிற்பது குறைவு. இறங்கி வந்த வண்டிதான் அதிகம் நிற்கும். டிரைவர் கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே சக்கரத்திலிருந்து கருகல் வாடை வந்துவிடும்.

பழைய பிக்கப் வாங்குவது பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். இதற்காக என்னைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் கட்டட மேஸ்திரிகள், காபித் தோட்டம் வைத்திருப்பவர்கள், விசேஷங்களுக்கு ஜெனரேட்டர் கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள். புது வண்டிக்குக் கையில் பணம் இருக்காது. வாங்குகிற ஒரே வண்டி வேலைக்கும் ஆக வேண்டும், காலையில் பிள்ளையைப் பள்ளியில் விடவும் ஆக வேண்டும், பின்னால் கலவை மிஷினையோ ஜெனரேட்டரையோ கோத்து இழுக்கவும் வேண்டும். எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, இழுவை எப்படி இருக்கும்?"

இழுவையைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம் என்றுதான் சொல்வேன். பொலேரோ பிக்கப்பில் இருப்பது 2523 சிசி இன்ஜின். டர்போ உள்ள அந்த அளவு டீசல் இன்ஜின், ஓரளவு நல்ல நிலையில் இருந்தாலே, முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் முனகிக்கொண்டாவது ஏற்காடு ஏறிவிடும். ஏற முடியாத வண்டி வழியில் நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்கும்போது நிற்க முடியாத வண்டி என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். உயரத்தில் சுமார் 1100 மீட்டர் ஏறுகிறோம். வண்டியும் சரக்கும் பின்னால் வரும் மிஷினும் சேர்ந்து மூன்றரை டன் என்று வையுங்கள். அந்த எடை அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது அதன் வேகத்தை யாராவது விழுங்கியாக வேண்டும். விழுங்கினால் அது சூடாக மாறும். எவ்வளவு சூடு என்றால், 100 லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு. கல்யாண வீட்டு அண்டாவும் அதன் அடியில் எரிகிற விறகும் நினைவுக்கு வரட்டும். அவ்வளவு நெருப்பையும் உள்ளங்கை அகலமுள்ள பிரேக் பேடும் லைனிங்கும் மட்டும் தாங்காது. பெரும்பங்கை இன்ஜின்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்லிக்கொடுத்ததற்குக் காரணம் இதுதான். இன்னொன்று, கலவை மிஷினுக்கு பிரேக் கிடையாது. அது முழுக்க முழுக்க உங்கள் வண்டியின் முதுகில் சாய்ந்துகொண்டுதான் இறங்கும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பட்டறை ஆரம்பித்த புதிதில் எனக்கென்று ஒரு பழைய பிக்கப் வாங்கினேன். இன்ஜின் பூப்போல ஓடியது. மெக்கானிக் ஆயிற்றே, இன்ஜினை மட்டும் பார்த்து மயங்கிவிட்டேன். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, நாகலூரில் வேலை முடிந்த ஒருவரின் கலவை மிஷினைக் கோத்துக்கொண்டு இறங்கினேன். இரண்டாம் கியரில் வந்துகொண்டிருந்தேன். கீழிருந்து எண்ணினால் ஏழாவது வளைவுக்கு முன்னால், கியர் ராடு தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிட்டது. அந்த ஒரு நொடியில் இன்ஜின் சத்தம் அடங்கி, பின்னால் மிஷினின் இரும்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிரேக்கை மிதித்தேன். ஏற்கெனவே சூடேறிப்போயிருந்த பிரேக். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. மலை ஓரத்து வடிகாலில் இடது சக்கரங்களை இறக்கி, பாறையில் உரசவிட்டு நிறுத்தினேன். எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி ஓடிவந்தார்கள். யாருக்கும் காயமில்லை. பாறையில் உரசிக் கிழிந்த கதவை ரொம்ப நாள் நான் மாற்றவில்லை.

கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்தபோது இரண்டாம் கியரின் பற்கள் ஓரம் மழுங்கி இருந்தன. விற்றவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. சமதரையில் ஓட்டிப் பார்த்த எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து பழைய பிக்கப்பை வேறு விதமாகத்தான் பார்க்கிறேன். விலை பேசுவதற்கு முன்னால், விற்பவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, பின்னால் 10 மூட்டை சிமென்ட் ஏற்றிக்கொண்டு மலை ஏறுவேன். 500 கிலோ ஆயிற்று. நான்கைந்து வளைவு போதும். திரும்பி இறங்கும்போது இரண்டாம் கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். கியர் ராடின் தலையைப் பாருங்கள். அது நடுங்கினாலும், கையை வைத்து அழுத்திக்கொண்டே வந்தால்தான் நிற்கிறது என்றாலும் அந்த வண்டி வேண்டாம். ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு மிதிக்கும்போது அடியில் 'டக்' என்று சத்தம் வந்தால், பின் அச்சுக்குப் போகும் தண்டின் மூட்டான ஜாயின்ட் கிராஸ் தேய்ந்திருக்கும். அது சின்னச் செலவு. பின்னாலிருந்து ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம், வேகம் கூடக் கூட ஏறுகிறது என்றால், பின் அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரமான கிரவுன் பினியன் போயிருக்கும். அது பெரிய செலவு.

கிளட்சுக்கு மலை வேண்டாம், நின்ற இடத்திலேயே பார்க்கலாம். ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, முன்னால் ஆள் இல்லாமல் பார்த்துக்கொண்டு, மூன்றாம் கியரில் போட்டு கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் திணறி அணைந்துவிட்டால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. பாரம் இழுத்த வண்டியில் முதலில் போவது இதுதான்.

நம் கால் பலத்தைக் கூட்டித் தருகிற பிரேக் பூஸ்டருக்கும் ஒரு சோதனை உண்டு. இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை நான்கைந்து முறை மிதியுங்கள். கல் மாதிரி இறுகும். காலை அதன் மேலேயே அழுத்தி வைத்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டரோ வாக்வம் பம்போ வேலை செய்யவில்லை. இதே சோதனை இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும்: இன்ஜின் அணைந்தால் நாலு மிதிக்கு மேல் பூஸ்டர் உங்களுக்கு உதவாது, பெடல் கல்லாகிவிடும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று மலை இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு வருகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதைத் திருத்துவது சுலபம். வண்டி என்ன வேலை பார்த்தது என்பதைத்தான் கேட்பேன். பால் வண்டியாக ஓடியிருந்தால் கிலோமீட்டர் எக்கச்சக்கமாக இருக்கும். ஆனால் விடியற்காலையில், ஒரே அளவு பாரத்தோடு, ஒரே வழியில் ஓடியிருக்கும். அப்படி ஓடிய இன்ஜின் நீண்ட நாள் உழைக்கும். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய வண்டியும், மாம்பழ சீசனுக்கு ஓடிய வண்டியும் சில மாதம் அடிபட்டு, மீதி மாதம் சும்மா நின்றிருக்கும். செங்கல்லும் மணலும் அடித்த வண்டி 60,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தாலும் எலும்பு தேய்ந்திருக்கும். மீன் வண்டி என்றால் உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி அடித்தட்டு அரித்திருக்கும்.

விற்பவர் பழைய வேலையை மறைத்தாலும் வண்டி மறைக்காது. பின்பக்கத் தட்டின் மூலையில், பலகையும் தகடும் சேரும் இடுக்கில், ஒரு ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிப் பாருங்கள். போன மாதம் ஒரு வண்டியில் சுரண்டினேன். புது பெயிண்ட்டின் அடியிலிருந்து சிவப்புச் செங்கல் தூள் நகக்கண்ணில் ஏறியது. "காய்கறி மட்டும்தாங்க ஏத்தினோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அப்புறம் பேசவில்லை. பின் ஸ்பிரிங்கின் பட்டைகளை எண்ணுங்கள். அதே மாடல் இன்னொரு வண்டியில் இருப்பதைவிட ஒன்றிரண்டு கூடுதலாக இருந்தால், கம்பெனி சொன்னதைவிட அதிகம் ஏற்றியிருக்கிறார்கள். பிறகு அடியில் படுத்து, டார்ச் அடித்து, சேஸிஸ் முழுக்கப் பாருங்கள். கேபின் முடிகிற இடம், ஸ்பிரிங் தொங்குகிற இடம், கொக்கி மாட்டியிருக்கிற இடம், இந்த மூன்றிலும்தான் விரிசல் விடும். எஃப்சி என்கிற தகுதிச் சான்றுக்காக மொத்தமாகக் கருப்பு பெயிண்ட் அடித்திருப்பார்கள். விரலால் தடவினால் வெல்டிங் மேடு தட்டுப்படும். சேஸிஸில் வெல்டிங் இருந்தால் இழுவை வேலைக்கு அந்த வண்டியை நான் சிபாரிசு செய்யமாட்டேன், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் சரி.

இன்ஜினுக்கு வருவோம். நீங்கள் போவதற்கு முன்னால் ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், டீ குடித்துவிட்டு ஆறும்வரை காத்திருங்கள். டீசல் இன்ஜின் தன் உண்மையான நிலையைக் காட்டுவது குளிரில் எழும்பும்போதுதான். கருப்புப் புகை என்றால் டீசல் அதிகமாகவோ காற்று குறைவாகவோ போகிறது. நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குப்குப்பென்று புகை தள்ளினால் பேக் கம்ப்ரஷன். ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன.

எந்த வருட வண்டி என்பதிலும் விஷயம் இருக்கிறது. வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் விதிகளில், நாடு முழுக்க 2017 ஏப்ரலில் பிஎஸ்4, 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தன. பிஎஸ்6 டீசல் வண்டிகள் பலவற்றில் சைலன்சர் வழியில் கரியைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி உண்டு. அது பிடித்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும், ஆனால் அதற்கு வண்டி கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும். ஏற்காட்டுக்குள்ளேயே தோட்டத்துக்கும் கடைக்குமாக இரண்டு மூன்று கிலோமீட்டர் ஊர்ந்துகொண்டிருந்தால் அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஓட்டம் என்றால், நல்லபடி பராமரித்த பிஎஸ்4 வண்டி தொல்லை குறைவு. வாரத்துக்கு இரண்டு முறை நாமக்கல், தருமபுரி என்று பைபாஸில் போகிறவர் தைரியமாக பிஎஸ்6 வாங்கலாம்.

தினசரி ஓட்டத்துக்கு எது வசதி? வீட்டில் நான்கைந்து பேர் இருந்தால் இரட்டை கேபின் உள்ள பொலேரோ கேம்பர் மாதிரி வண்டிதான் என் தேர்வு. இசுசு வி-கிராஸ் ஓட்டுவதற்குக் காரைப் போல இருக்கும், நான்கு சக்கர இழுவையும் உண்டு. ஆனால் நீளம் ஐந்து மீட்டருக்கு மேல். அதை வைத்துக்கொண்டு லீ பஜாரில் சரக்கு ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அசோக் லேலண்டின் சின்ன சரக்கு வண்டியான தோஸ்த் நல்ல உழைப்பாளி, ஆனால் இன்ஜின் 1478 சிசிதான். ஊருக்குள் சரக்கு ஏற்றுவதற்கு வாங்குங்கள், மலையில் மிஷின் இழுப்பதற்கு வேண்டாம். எதுவாக இருந்தாலும், பாரமில்லாத பிக்கப்பின் பின்பக்கம் மழையில் வழுக்கும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மழையில் மலை இறங்குகிறவர்கள் பின் அச்சுக்கு மேலே நாலு மணல் மூட்டை கட்டி வையுங்கள்.

காகித வேலை சுருக்கமாக. ஆர்சி என்கிற பதிவுச் சான்றில் உள்ள சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். பைனான்ஸ் நிலுவை இருந்தால் பைனான்ஸ்காரரின் தடையில்லாச் சான்றான என்ஓசியும், கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டும். வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குத் தனியாக பெர்மிட் தேவையில்லை. அதனால் ஆர்சியில் அந்த எண்ணைப் பாருங்கள். பின்னால் இழுக்கும் டிரெய்லரும் சட்டப்படி மோட்டார் வாகனம்தான், அதற்கும் பதிவு வேண்டும்.

வாங்கி வந்த முதல் வாரத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. பிரேக் ஆயிலை முழுதாக வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் குமிழ் விடும். அன்றைக்கு என் பெடல் பஞ்சானது அதனால்தான். டீசல் ஃபில்டரை மாற்றி, அடியில் தேங்கிய தண்ணீரைத் திறந்து விடுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டியதும் ரீட்ரெட் போட்டதும் முன் சக்கரத்தில் வேண்டாம். கொக்கியை பம்பரில் வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தால் கழற்றிவிட்டு, சேஸிஸின் இரண்டு பக்கமும் பிடிக்கிற மாதிரி போல்ட் போட்டு மாட்டுங்கள். கொக்கியின் முள்ளுக்குப் பூட்டு போடுங்கள், இரண்டு சங்கிலியைக் குறுக்காக மாட்டுங்கள். இவ்வளவும் ஆன பிறகு, முதல் தடவை மிஷினைக் கோத்து மலை இறங்கும்போது அடிவாரத்தில் ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், பக்கத்தில் போதும். முன் சக்கரம் இரண்டிலும் ஒரே மாதிரி, பின் சக்கரம் இரண்டிலும் ஒரே மாதிரி அனல் அடித்தால் இரண்டு பக்கமும் பிரேக் சமமாக வேலை செய்கிறது. ஒரு பக்கம் மட்டும் கொதித்து மறுபக்கம் ஆறிக் கிடந்தால், வீட்டுக்குப் போவதற்கு முன்னால் கோரிமேட்டில் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். பார்த்துவிடலாம். நன்றி, வணக்கம்.