பஞ்சத்துக்காக வளர்த்த பூஞ்சை

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். பூஞ்சைல இருந்து புரோட்டீன் தயாரிக்கறாங்களாமே, அது என்ன விஷயம்னு கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்கன்னு கூப்பிட்டிருக்காங்க. நான் காலேஜ்ல உணவு நுண்ணுயிரியல் பாடம் எடுக்கறவன், வருஷா வருஷம் பசங்களுக்கு இந்தக் கதைய சொல்லுவேன், ஒவ்வொரு தடவையும் இது யாருக்காக ஆரம்பிச்சது, கடைசில யார் தட்டுக்குப் போச்சுங்கற கேள்விலயே வந்து நின்னுடுவேன். இன்னைக்கும் அதைத்தான் பேசப் போறேன்.

1960-கள்ல உலகம் முழுக்க ஒரு பயம் இருந்துச்சு. ஜனத்தொகை ஏறிக்கிட்டே போகுது, 1980-கள் வந்தா அரிசி கோதுமை கிடைச்சாலும் கிடைக்கும், புரோட்டீன் கிடைக்காதுன்னு ஐ.நா. வரைக்கும் பேசினாங்க. அந்த நேரத்துல இங்கிலாந்துல ரேங்க் ஹோவிஸ் மெக்டூகல்னு ஒரு பெரிய கோதுமை மில், ரொட்டி கம்பெனி. அதோட தலைவர் ரேங்க் பிரபு என்ன யோசிச்சாருன்னா, நம்மகிட்ட ஸ்டார்ச்சு மிச்சம் மிச்சமா கிடக்குது, அதை ஏதாவது ஒரு நுண்ணுயிருக்குத் தீனியாப் போட்டு புரோட்டீனா மாத்த முடியாதான்னு. மாடு கோழிக்குப் போட்டு மாத்தறது நமக்குத் தெரியும், ஆனா அதுல போடறதுல முக்கால்வாசிக்கு மேல வீணாப் போயிடும். ஒரு பழைய கணக்கு இருக்கு, இந்தத் துறைல அடிக்கடி காட்டுவாங்க: ஒரு கிலோ தீனி மாட்டுக்குப் போட்டா 14 கிராம் புரோட்டீன் கிடைக்கும், கோழிக்குப் போட்டா 49 கிராம், அதே ஒரு கிலோ மாவுச்சத்தைப் பூஞ்சைக்குக் கொடுத்து கூட கொஞ்சம் நைட்ரஜன் உப்பும் கொடுத்தா 136 கிராம். மாட்டை விட கிட்டத்தட்ட பத்து மடங்கு.

சரி எந்தப் பூஞ்சை? விஷம் இல்லாததா இருக்கணும், வேகமா வளரணும், வாசனை ருசி முகம் சுளிக்க வைக்காததா இருக்கணும். உலகத்துல பல இடத்துல இருந்து மண்ணு வரவழைச்சு 3000-க்கு மேல மாதிரிகளை அலசினாங்க. கடைசில கிடைச்சது எங்கன்னா அவங்க ஆராய்ச்சிக் கூடத்துக்குப் பக்கத்துலயே, பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்துல மார்லோங்கற ஊர் மண்ணுல. 1960-கள் கடைசி அது. அந்தப் பூஞ்சைக்கு இப்போ ஃபியூசேரியம் வெனனேட்டம்னு பேரு. இதுக்குன்னே அப்புறம் ஆரம்பிச்ச கம்பெனிக்கும் மார்லோ ஃபுட்ஸ்னே பேரு வச்சாங்க, பொருள் கடைக்கு வந்தப்ப க்வார்ன்ங்கற பிராண்டு. அதுல இருக்கற சரக்குக்கு மைக்கோபுரோட்டீன்னு பேரு.

கிடைச்ச உடனே விக்க ஆரம்பிக்கல, இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். பத்து வருஷம் சோதனை பண்ணாங்க, மிருகங்களுக்குக் கொடுத்து, மனுஷங்களுக்குக் கொடுத்து, ஃபைல் ஃபைலா அரசாங்கத்துகிட்ட கொடுத்து, அதுக்கப்புறம்தான் மனுஷங்க சாப்பிடலாம்னு பிரிட்டன்ல அனுமதி வந்துச்சு. முதல் சரக்கு கடைல வந்தது 1985-ல, ஒரு பை, அதாவது உள்ள பூரணம் வச்சு சுட்ட பலகாரம். மண்ணுல கண்டுபிடிச்சதுக்கும் தட்டுல வச்சதுக்கும் நடுவுல பதினேழு பதினெட்டு வருஷம். இப்போ மூணு வருஷத்துல உலகத்தை மாத்தறோம்னு கிளம்பற கம்பெனிங்களைப் பார்க்கும்போது இந்தப் பொறுமை மேல எனக்கு மரியாதை கூடிக்கிட்டே போகுது.

இப்போ அதை எப்படி வளர்க்கறாங்கன்னு பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். இங்கிலாந்து வடகிழக்குல பில்லிங்காம்னு ஒரு ஊர், கெமிக்கல் தொழிற்சாலைங்க நிறைஞ்ச இடம். அங்க ஐசிஐன்னு பெரிய ரசாயனக் கம்பெனி ஏற்கனவே மெத்தனால்ல பாக்டீரியா வளர்த்து மாட்டுத்தீவனம் பண்ணப் பார்த்தாங்க, பிரம்மாண்டமான டேங்க்கெல்லாம் கட்டினாங்க, சோயா புண்ணாக்கு அதை விட மலிவா கிடைச்சதால அந்தத் தொழில் நிக்கல. ஆனா அந்த அனுபவமும் காலியா கிடந்த சின்ன டேங்க்கும் பூஞ்சைக்காரங்களுக்கு உதவியா வந்துச்சு, ரெண்டு கம்பெனியும் 1984-ல கை கோத்தாங்க. 1990-கள்ல கட்டின டவர் ஒவ்வொண்ணும் சுமார் 50 மீட்டர் உயரம், உள்ள ஒன்றரை லட்சம் லிட்டர் திரவம். அதுக்குள்ள கிளறி விடற துடுப்பு கிடையாது, ஏன்னா பூஞ்சை நூல் ரொம்ப மெலிசு, துடுப்பு போட்டா அறுந்துடும். அதனால கீழ இருந்து காத்தை அடிக்கறாங்க, காத்துக் குமிழி ஏறும்போது ஒரு பக்கக் குழாய்ல திரவமும் கூடவே மேல ஏறுது, மேல போனதும் கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடும், கனம் கூடின திரவம் இன்னொரு பக்கக் குழாய்ல கீழ இறங்குது, இப்படியே ராத்திரி பகலா சுத்திக்கிட்டே இருக்கும். கோதுமை இல்ல மக்காச்சோள ஸ்டார்ச்சுல இருந்து எடுத்த குளுக்கோஸ் உள்ள போகும், நைட்ரஜனுக்கு அம்மோனியா, கொஞ்சம் உப்புங்க, பயோட்டின்னு ஒரே ஒரு விட்டமின். சூடு 28-ல இருந்து 30 டிகிரி, நம்ம ஊர் மார்கழி மத்தியான வெயில் அளவுதான். ஒரு பக்கம் தீனி போய்க்கிட்டே இருக்கும், இன்னொரு பக்கம் விளைஞ்சது வந்துக்கிட்டே இருக்கும், நிறுத்தறதே கிடையாது.

நிறுத்தறதே இல்லன்னு சொன்னேன், ஆனா ஆறு வாரம் வாக்குல நிறுத்தித்தான் ஆகணும். ஏன்னா அத்தனை தலைமுறை வளரும்போது தானாவே மாறுதல் அடைஞ்ச பூஞ்சை உள்ள தலைதூக்கும், அது நீளமா வளராம குட்டை குட்டையா நிறைய கிளை விட்டு வளரும். புரோட்டீன் அளவு அதே இருக்கும், ஆனா வாய்ல வச்சா நார் நாரா இருக்காது. அதனால மொத்தத்தையும் கழுவி, கிருமி நீக்கி, ஃப்ரீஸர்ல பத்திரமா வச்சிருக்கற பழைய வித்துல இருந்து மறுபடி ஆரம்பிப்பாங்க.

வெளிய வர்ற திரவத்தை அப்படியே சாப்பிட முடியாது. வேகமா வளர்ற எந்த உயிரணுவுலயும் ஆர்என்ஏ ஜாஸ்தி, அதை சாப்பிட்டா உடம்புல யூரிக் ஆசிட் ஏறும், கால் கட்டை விரல் மூட்டுல வர்ற அந்த வலி இருக்கே, கௌட், அது வந்தவங்களுக்குத் தெரியும் எவ்வளவு கொடுமைன்னு. அதனால 65 டிகிரி வாக்குல அரைமணி நேரம் கிட்ட சூடு பண்றாங்க, பூஞ்சைக்குள்ள இருக்கற என்சைமே அந்த ஆர்என்ஏவ உடைச்சு வெளிய தள்ளிடுது, உலர்ந்த எடைல பத்து சதவீதம் வாக்குல இருந்தது ரெண்டுக்குக் கீழ இறங்கிடும். இதுல ஒரு நஷ்டமும் இருக்கு, சூடு பண்ணும்போது புரோட்டீனும் கொஞ்சம் கரைஞ்சு போயிடுது, மொத்த எடைலயும் ஒரு பங்கு குறையும். தெரிஞ்சேதான் அந்த நஷ்டத்தை ஏத்துக்கறாங்க. அப்புறம் சுத்தி வடிகட்டினா வெளிர் மஞ்சள்ல பிசைஞ்ச மாவு மாதிரி ஒண்ணு வரும், லேசான காளான் வாசனை. மைக்ரோஸ்கோப்ல ஒரு துளி வச்சுப் பார்த்தா வெள்ளை நூல்கண்டை அவிழ்த்துப் போட்ட மாதிரி தெரியும், ஒவ்வொரு நூலும் ஒரு மில்லிமீட்டர்ல பாதி நீளம், அகலம் மட்டும் ஒரு தலைமுடில பத்துல ஒரு பங்கு கூட இருக்காது.

இதை ஒட்ட வைக்க முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பாங்க. முட்டை சாப்பிடாதவங்க இதைக் கவனிக்கணும். வீகன் வகைல அதுக்குப் பதிலா உருளைக்கிழங்கு புரோட்டீன் போடறாங்க, பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்கணும். பிசைஞ்சு ஆவில வேக வச்சு, அப்புறம் மெதுவா உறைய வைக்கறாங்க. பனிக்கட்டி முளைக்கும்போது இந்த நூல்களை எல்லாம் ஒண்ணோட ஒண்ணா நெருக்கித் தள்ளுது, அந்த நெருக்கத்துலதான் கோழிக்கறி மாதிரி நார் வருது. மசாலாவோ ரசாயனமோ அந்த நாரைக் கொண்டு வரல, குளிர்தான் கொண்டு வருது. 100 கிராம் மைக்கோபுரோட்டீன்ல 11 கிராம் புரோட்டீன், 6 கிராம் நார்ச்சத்து, 85 கலோரி. கோழிக்கறில புரோட்டீன் இதை விட ரெண்டு மடங்குக்கு மேல இருக்கு, அதையும் மறைக்காம சொல்லணும், ஆனா கோழில நார்ச்சத்து துளியும் கிடையாது. உடம்புக்குத் தேவையான அமினோ அமிலம் எல்லாமே இதுல இருக்கு. சில பேருக்கு அலர்ஜி, வாந்தி வருதுன்னு அமெரிக்கால புகார் எழுந்துச்சு, இது பூஞ்சைல செஞ்சதுன்னு பாக்கெட்ல தெளிவா போடறோம்னு 2017-ல ஒரு வழக்குல ஒத்துக்கிட்டாங்க. அப்படிப் போடறதுதான் நியாயம்.

பூஞ்சையான்னு அருவருப்பா கேக்கறவங்களுக்கு நான் ஒண்ணுதான் சொல்வேன். ராத்திரி அரைச்சு வச்ச இட்லி மாவு காலைல பொங்கி நிக்குதே, உள்ள கோடிக்கணக்கான உயிர் வேலை பாத்திருக்கு, அதை நாம குழந்தைக்கு முதல் சாப்பாடா ஊட்டறோம்.

சரி, ஆரம்பத்துல சொன்ன கேள்விக்கு வர்றேன். பஞ்சத்துல இருக்கறவங்களுக்காக ஆரம்பிச்ச வேலை இது. ஆனா இது தயாராகி வர்றதுக்குள்ள அந்தப் பயமே மாறிப் போச்சு. 1974-லயே டொனால்ட் மெக்லாரன்ங்கற டாக்டர் லான்செட் பத்திரிகைல எழுதினாரு, குழந்தைங்க சாகறது புரோட்டீன் மட்டும் இல்லாததால இல்ல, மொத்தமாவே சாப்பாடு இல்லாததாலன்னு. பசுமைப் புரட்சில தானியமும் பெருகிடுச்சு. அதனால க்வார்ன் போய் நின்ன இடம் லண்டன் சூப்பர் மார்க்கெட் ஃப்ரீஸர், வாங்கினவங்க கறிய குறைக்கணும்னு நினைச்ச வசதியானவங்க. கம்பெனியும் பல கை மாறி 2015-ல பிலிப்பைன்ஸ்ல நூடுல்ஸ், பிஸ்கட் பண்ற மொண்டே நிஸின்கிட்ட 55 கோடி பவுண்டுக்குப் போச்சு. வாங்கினவங்களுக்கும் அது சுலபமான வியாபாரமா அமையல.

காரணம் விலைதான். 50 மீட்டர் டவர், கிருமி ஒண்ணு கூட நுழையாத குழாய், நிக்காம ஓடற கம்ப்ரெஸர், குளிர்பதனம், எல்லாம் சேர்ந்தா பருப்பு விலைக்கு விக்க முடியாது. பேடென்ட் காலம் முடிஞ்சு புதுக் கம்பெனிங்க நிறைய வந்தாங்க. சிகாகோல நேச்சர்ஸ் ஃபைண்டுன்னு ஒண்ணு, யெல்லோஸ்டோன் பூங்கா வெந்நீர் ஊத்துல கிடைச்ச பூஞ்சைய தட்டு தட்டா வளர்க்கறாங்க, பெரிய டேங்க் தேவை இல்ல, நல்ல யோசனை அது. ஆனா ஸ்வீடன்ல மைகோரீனா 2024-ல திவாலாச்சு. கொலராடோல மீட்டி எக்கச்சக்கமா முதலீடு திரட்டிட்டு 2025-ல வெறும் 40 லட்சம் டாலருக்கு கை மாறிச்சு. அங்க வேலை பார்த்தவங்க நிலைமைய நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு, ஏன்னா அறிவியல்ல தப்பு இல்ல, இவ்வளவு மெதுவா விளையற தொழில்ல அவசரப் பணத்தைக் கொட்டினதுதான் தப்புன்னு நான் நினைக்கறேன்.

அதுக்காக இதை ஒதுக்கவும் முடியாது. 2022-ல நேச்சர் பத்திரிகைல ஜெர்மனியோட பாட்ஸ்டாம் ஆய்வு மையத்துக்காரங்க ஒரு கணக்கு போட்டாங்க, 2050-க்குள்ள ஆள் ஒருத்தர் சாப்பிடற மாடு ஆட்டுக்கறில அஞ்சுல ஒரு பங்கை மட்டும் இந்த மாதிரி நுண்ணுயிர் புரோட்டீனா மாத்தினா உலகத்துல காடு அழியறது பாதிக்கு மேல குறையும்னு. பிரேசில் காட்டை அழிச்சு மாடு மேய்க்கறாங்களே, அந்தக் கணக்கு அது. நம்ம பருப்பு சாம்பார்க்காரங்களை நோக்கி சொன்னது இல்ல, கறி அதிகமா சாப்பிடற நாடுங்களை நோக்கி சொன்னது.

மலிவா பண்ண வழியே இல்லையான்னா இருக்கு. ஃபின்லாந்துல 1970-கள்லயே காகித ஆலைக் கழிவு நீர்ல பெக்கிலோன்னு ஒரு பூஞ்சை வளர்த்து பன்னி, கோழிக்குத் தீவனமாக் கொடுத்தாங்க, 1991 வரைக்கும் ஓடிச்சு, இப்போ எனிஃபெர்னு ஒரு கம்பெனி அதையே மனுஷங்களுக்கும் கொண்டு வரப் பாக்குது. சர்க்கரைக்குக் காசு கொடுக்காம, மிஞ்சிப் போனதைத் தீனியாப் போடறது. இன்னும் பழைய உதாரணம் வேணும்னா ஜாவா தீவுக்குப் போகணும். அங்க ஒன்சோம்னு ஒரு சாப்பாடு, எண்ணெய் ஆட்டின பிறகு மிஞ்சற கடலைப் புண்ணாக்கு, டோஃபு பண்ணி மிஞ்சற சோயா சக்கை, இதுல ஆரஞ்சு கலர் நியூரோஸ்போரா பூஞ்சைய தூவி ரெண்டு மூணு நாள் வைப்பாங்க, சக்கை முழுக்க பூஞ்சை ஓடி கெட்டியா கட்டிக்கும், வெட்டி எண்ணெய்ல பொரிச்சு சாப்பிடுவாங்க. டவர் கிடையாது, கம்ப்ரெஸர் கிடையாது, ஏழைங்க சாப்பாடு. மீட்டி கம்பெனி வளர்த்த பூஞ்சையும் இதே நியூரோஸ்போரா குடும்பம்தான்.

நம்ம ஊர்ல கடலைப் புண்ணாக்கு மாட்டுக்குப் போகுது, போகட்டும், பாலா திரும்பி வருது. சேலம் பக்கம் மரவள்ளி ஆலைல மிஞ்சற திப்பி இருக்கு, கரும்பு ஆலைல மொலாசஸ் இருக்கு. இதுல எதுல எந்தப் பூஞ்சை நல்லா வரும், என்ன செலவாகும்னு நம்ம வேளாண், உணவுத்துறை கல்லூரிங்கள்ல பசங்க வேலை செய்யணும்னு எனக்கு ரொம்ப ஆசை, என்கிட்ட படிக்கறவங்ககிட்ட கேட்டுக்கிட்டே இருக்கேன். சத்துணவு மையத்துல ஒரு குழந்தைக்குக் கொடுக்கற விலைக்கு இது வரணும், அதுக்குக் கீழ வந்தா இன்னும் நல்லது.

ஒரு எச்சரிக்கை மட்டும். இதைக் கேட்டுட்டு வீட்ல புண்ணாக்கை நனைச்சு பூசணம் பிடிக்க வச்சுப் பாக்கலாம்னு யாரும் இறங்கிடாதீங்க. கடலைல, புண்ணாக்குல தானா வர்ற பச்சைப் பூசணம் அஃப்ளடாக்சின்னு ஒரு விஷத்தை விடும், ஈரலைக் கெடுக்கும், வேக வச்சாலும் போகாது. எந்தப் பூஞ்சைன்னு தெரிஞ்சு, சுத்தமான வித்து எடுத்து, லேப்ல டெஸ்ட் பண்ணித்தான் இதைச் செய்யணும். இவ்வளவு நேரம் காது கொடுத்துக் கேட்டதுக்கு நன்றி, வணக்கம்.