பேனா நின்ற சத்தம்

நண்பர்களுக்கு வணக்கம். பார்வையற்றவர்களுக்கு உதவப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு உபதேசம் தேவையில்லை. நேராக வேலைக்கு வருகிறேன்.

முதல் நாள் நான் செய்த தப்பிலிருந்து தொடங்கலாம். ஒருவரை மாடிப்படி வரை கூட்டிப்போக வேண்டும். அவசரத்தில், வெள்ளைக்கோல் பிடித்திருந்த கையையே பிடித்துவிட்டேன். கோல் தரையை விட்டு எழும்பியது. அவர் அப்படியே நின்றுவிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணை நான் பொத்தியது போலத்தானே அது?

"உதவட்டுமா?" என்று முதலில் கேளுங்கள். வேண்டும் என்றால் உங்கள் முழங்கையைக் கொடுங்கள். அவர் அதற்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார். நீங்கள் திரும்பினால், நின்றால், உங்கள் உடம்பே அவருக்குச் சொல்லிவிடும். படி வந்தால் நின்று, ஏற்றமா இறக்கமா என்று சொல்லுங்கள். "இதோ, அங்கே" என்று கை காட்டிப் பயனில்லை; "உங்கள் இடது பக்கம்" என்பதுதான் பேச்சு. நாற்காலி என்றால் தோளைப் பிடித்து உட்கார வைக்காதீர்கள், சாய்மானத்தில் அவர் கையை வைத்தால் போதும். அப்புறம், கிளம்பும்போது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் பாவம், வெறும் காற்றோடு பேசிக்கொண்டிருப்பார்.

இன்னொன்று. பார்வை இழந்த எல்லோருக்கும் முழு இருட்டு இல்லை. விழித்திரையின் மையம் பழுதானவர் சாதாரணமாக நடந்து வருவார், எதிரே இருக்கும் முகம் தெரியாது. கண் நீர் அழுத்த நோய் முற்றியவருக்குப் பக்கப் பார்வை சுருங்கிவிடும். பொடி எழுத்தைப் படித்துவிட்டு, எழுந்ததும் பாதி திறந்த கதவில் இடித்துக்கொள்வார். "நடிக்கிறாரோ" என்ற சந்தேகம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

பெரிய வேலைகளை அவர்களே செய்துவைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். விரலால் தடவிப் படிக்கும் ஆறு புள்ளி எழுத்தை 1824இல் உருவாக்கியபோது லூயி பிரெயிலுக்கு வயது 15. கணினித் திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் என்விடிஏ என்ற இலவச மென்பொருளை 2006இல் எழுதத் தொடங்கிய மைக்கேல் கரனும் பார்வையற்றவர்தான். நமக்கு மிஞ்சியிருப்பது சில்லறை வேலை: ஸ்கேன் செய்த பக்கத்தில் பிழை திருத்துவது, படத்தை வார்த்தையில் சொல்வது, மருந்துப் பட்டையில் காலாவதித் தேதி படிப்பது.

அதில் எனக்குக் கடினமாக இருந்தது, தேர்வில் பார்வையற்றவர் சொல்லும் பதிலை எழுதுவது. கேள்வியைப் படிக்க வேண்டும், சொல்வதைச் சொன்னபடி எழுத வேண்டும், அவ்வளவுதான். ஒருமுறை ஓர் இளைஞர் தப்பான பதிலைச் சொல்லத் தொடங்கினார். நான் வாயைத் திறக்கவில்லை, ஆனால் பேனா நின்றுவிட்டது. ஒரு நொடிதான். காகிதத்தின் மேல் உரசல் சத்தம் நின்றதை அவர் கேட்டுவிட்டார். பதிலை அவர் மாற்றியிருக்கலாம், மாற்றவில்லை. "நான் சொன்னதையே எழுதுங்கள்" என்றார்.

வெளியே வந்ததும் கேட்டார்: "மூன்றாவது கேள்வியில் நின்றீர்களே, தப்பா?"

"ஆமாம்" என்றேன்.

"சரி, என் தப்புதானே" என்று சிரித்துக்கொண்டே மடித்து வைத்திருந்த கோலை விரித்தார். என் முழங்கையை நீட்டினேன். அன்று அவருக்கு அது தேவைப்படவில்லை.