வெள்ளை வானுக்கு யார் பொருள் கொடுத்தது?

நடுவர் ஐயாவுக்கும் அவையில் இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். அரசியல் சொற்களின் பொருளை மாற்றுவது ஆட்சியில் இருப்பவர்களா, சாதாரண சனங்களா என்பதுதான் தலைப்பு. நான் சனங்களின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் காட்டி, அரசு ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதிவிட்டால் அதுதான் நிற்கும் என்றார். அந்தச் சட்டத்தால் ஆட்களைப் பிடித்து அடைக்க முடிந்தது, உண்மைதான். ஆனால் சட்டம் பயங்கரவாதி என்று எழுதிய அதே ஆயுதம் தூக்கிய இளைஞர்களை யாழ்ப்பாணத்து வீடுகளில் 'பெடியள்', அதாவது நம்முடைய பையன்கள், என்றார்கள். பிறகு அந்தச் சொல்லைச் சொல்லும்போதே குரல் தாழ்ந்த காலமும் வந்தது. அதையும் எந்தச் சட்டமும் சொல்லித்தரவில்லை.

சரி தம்பி, ஆட்களைக் கடத்திப்போன வண்டிக்குச் சனங்கள் சொன்ன 'வெள்ளை வான்' என்ற பெயர் எந்த அரசாங்க வர்த்தமானியில் வந்தது?

2006, 2007 காலத்துக் கொழும்பில் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 'அவருக்கு வெள்ளை வான் வந்ததாம்' என்று போனில் மெதுவாகச் சொன்னால் போதும், மிச்சத்தை யாரும் கேட்க மாட்டார்கள். என் மகன் அப்போது மூன்றாம் ஆண்டு. அவனை ஏற்றிப்போன ஸ்கூல் வானும் வெள்ளைதான், டொல்பின் வான், ஆனால் வீட்டில் ஒருநாளும் நாங்கள் அதன் நிறத்தைச் சொன்னதில்லை. போன மாதம் தேங்காய் துருவிக்கொண்டு இருக்கிறேன், 2010இல் பிறந்த என் மகள் யன்னலில் நின்று, "அம்மா, கேற்றடியில வெள்ளை வான் ஒண்டு நிக்குது" என்றாள். என் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் சொன்னது பக்கத்து வீட்டுக்குச் சாமான் இறக்க வந்த வானை. ஒரே வீட்டுக்குள் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கிறது, இரண்டையும் யாரும் கட்டளை போட்டு உண்டாக்கவில்லை.

அப்புறம் நல்லாட்சி. 2015 ஜனவரியில் வந்த அரசு தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரம், 2018 ஒக்டோபரில் ஒரே நாட்டுக்கு இரண்டு பிரதமர், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு எல்லாம் முடிந்தபோது, வெள்ளவத்தைச் சந்தையில் கரண்ட் போனாலும் 'இதுதான் நல்லாட்சி' என்றார்கள். தொலைக்காட்சியும் சுவரொட்டியும் கையில் இருந்தும் அந்தச் சொல்லை அவர்களால் மீட்க முடியவில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. பிடித்துக்கொண்டு போய்த் திரும்பி வராதவர்களை முன்பு நம்முடைய பத்திரிகைகள் எல்லாம் 'காணாமல் போனோர்' என்றுதான் எழுதின, அவர்களைத் தேடுவதற்கு 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அலுவலகத்தின் பெயரிலும் 'போன' என்றுதான் இருக்கிறது. போனவன் என்றால் தானாகப் போனவன். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவில் வாசலில் பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டமாக உட்கார்ந்த தாய்மார் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றார்கள், யாரோ ஆக்கினார்கள், அந்த யாரோவைக் காட்டுங்கள் என்று. இன்று பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவுக்குத் துணையாக ஒரு கந்தோருக்குப் போயிருந்தேன். படிவத்தில் அச்சடித்திருந்த 'காணாமல் போன' என்பதில் 'போன'வை அவர் பேனாவால் வெட்டி, மேலே குறுக்கி 'ஆக்கப்பட்ட' என்று எழுதினார். கவுண்டரில் இருந்த பையன், "அம்மா, ஃபோமை அப்படி மாத்த ஏலாது" என்றான். அவர் சத்தம் போடவில்லை.

"அவன் போகேல்லை, தம்பி. கொண்டு போனவங்கள்."

பையன் கொஞ்ச நேரம் அந்த வெட்டையே பார்த்தான். பிறகு முத்திரையைக் குத்தி உள்ளே வைத்தான்.

நன்றி, நடுவர் ஐயா.