நம் தெரு வண்டி, உள்ளங்கை அளவில்

வணக்கம் நேயர்களே. சின்ன டை-காஸ்ட் கார்களை, அதாவது உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்யும் பொம்மைக் கார்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வாங்கி அடுக்குவதைப் பற்றி அல்ல, பிரித்து மாற்றிச் செய்வதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அட்டையைக்கூடக் கிழிக்காமல் சுவரில் மாட்டி வைப்பவர்கள் மேல் எனக்கு ஒன்றும் கோபம் இல்லை, அவர்களோடு பேச விஷயம்தான் குறைவு.

இந்தக் கார்களில் பேர்போன மேட்ச்பாக்ஸ் 1953ல் இங்கிலாந்தில் தொடங்கியது, ஹாட் வீல்ஸ் 1968ல் அமெரிக்காவில். அவரவர் ஊரில் ஓடும் வண்டியைத்தான் அவரவர் முதலில் செய்வார்கள், நியாயம்தானே. ஆனால் நம் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் தெருவுக்குத் தெரு நின்றது எது? சிட்டி கோல்ஃப், அதாவது ஃபோக்ஸ்வேகனின் முதல் தலைமுறை கோல்ஃப். ஐரோப்பாவில் 1983ல் இரண்டாம் தலைமுறை கோல்ஃப் வந்துவிட்டது, நாமோ அந்த முதல் கோல்ஃபையே ஊட்டன்ஹேக்கில், அதாவது இன்றைய கரீகாவில், 1984 முதல் 2009 வரை விடாமல் கட்டினோம். கடையில் கிடைக்கும் சின்ன கோல்ஃப் பெரும்பாலும் ஜிடிஐ என்ற வேக ரகம், டிக்கியையும் சேர்த்து எண்ணினால் மூன்று கதவு. நம் வண்டிக்கு ஐந்து கதவு. அதனால்தான் சொல்கிறேன், நம் வண்டி வேண்டுமென்றால் நாமே செய்தால்தான் உண்டு.

பொம்மைக் காரின் அடிப்பக்கம் உடம்பையும் அடித்தட்டையும் சேர்த்துப் பிடிக்கும் இரண்டு ரிவெட், அதாவது தலை நசுக்கிய உலோகக் கம்பம், இருக்கும். முதலில் ஊசியால் நடுவில் ஒரு குழி போட்டுக்கொண்டு, பிறகு சின்ன டிரில்லால் மெதுவாகத் தலையை மட்டும் எடுங்கள். அடித்தட்டு, சீட், கண்ணாடி எல்லாம் தனியே வந்துவிடும். உடம்பு துத்தநாகக் கலவை, ஆகவே பழைய பெயின்ட்டை எடுக்கக் காஸ்டிக் சோடா வேண்டாம், அது துத்தநாகத்தையே தின்றுவிடும். பெயின்ட் ரிமூவர் போதும், கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.

அப்புறம்தான் கதவு வேலை, எனக்கு இதில் பிடித்ததே அதுதான். மூன்று கதவு வண்டியின் கதவு நீளம், ஆகவே அதன் பின்கோட்டை எபாக்ஸி பட்டி (கலந்ததும் கல்லாக இறுகும் பசை மாவு) வைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, அதற்குக் கொஞ்சம் முன்னே புதுக் கோடு ஒன்றைக் கீற வேண்டும், பின் சீட்டுக் கதவின் கோடு சக்கர வளைவைச் சுற்றி இறங்க வேண்டும். ஜன்னலுக்கு நடுவில் இருக்கும் தூணையும் அராவி எடுத்துவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் துண்டை முன்னால் தள்ளி ஒட்டுங்கள். 1:64 அளவில், அதாவது நிஜ வண்டியில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு அளவில், முழு வண்டியே ஆறு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும், அரை மில்லிமீட்டர் தவறினாலும் ஏதோ ஒன்று சரியில்லை என்று கண் சொல்லிவிடும். சத்தியமாகச் சொல்கிறேன், படத்தை முன்னால் வைத்துக்கொள்ளாமல் பிளேடை எடுக்காதீர்கள்.

பெயின்ட் விஷயத்தில் டர்பன்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ஜனவரி கோடைப் புழுக்கத்தில் லாக்கர் (சீக்கிரம் காயும் பெயின்ட்) ஸ்ப்ரே அடித்தால் காற்றின் ஈரம் பூச்சில் படிந்து வெள்ளையாகப் புகை பிடித்ததுபோல் ஆகும். ஜோஹன்னஸ்பர்க்கில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, கொடுத்து வைத்தவர்கள். நாம் ஜூன், ஜூலைவரை பொறுக்கலாம், இல்லையென்றால் காய்ந்த காற்று வீசும் நாளாகப் பார்க்கலாம். ஸ்ப்ரே கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வைத்தால் மணி மணியாக விழாமல் மெல்லிய படலமாக வரும். முதலில் அடிப்பூச்சாகச் சாம்பல் ப்ரைமர், அதன் மேல் நிறம் இரண்டு மூன்று மெல்லிய பூச்சு. நிறம் எது என்று கேட்கவே வேண்டாம், சிட்டி கோல்ஃப் முதலில் வந்ததே சிவப்பு, மஞ்சள், நீலத்தில்தான்.

நம்பர் பிளேட்டுக்கு தண்ணீரில் நனைத்து ஒட்டும் வெள்ளை டெக்கல் தாளில் என்.டி. என்று தொடங்கும் பழைய டர்பன் எண்ணை அச்சடியுங்கள். இங்க்ஜெட் மை தண்ணீரில் கரையும், ஆகவே நனைக்கும் முன் மேலே நிறமில்லாத கிளியர் ஸ்ப்ரே அடித்துக் காயவிட வேண்டும்.

கடைசியில் மூடும்போது பசை வேண்டாம். ரிவெட் இருந்த கம்பத்தில் துளைபோட்டுச் சின்ன திருகாணி போட்டால் பிறகு சக்கரத்தை மாற்ற நினைக்கும்போது சுலபமாகத் திறக்கலாம். தாத்தாவின் அலமாரியில் 1950களின் மேட்ச்பாக்ஸ் கிடைத்தால் மட்டும் தயவுசெய்து டிரில்லை எடுக்காதீர்கள், மாற்றியமைத்ததற்குச் சேகரிப்பாளர்களிடம் விலை விழுந்துவிடும். கடையில் தொங்கும் சாதாரண ரகத்தில் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பாருங்கள்.